சித்திரையில் வாருங்கள்: மொழி, பண்பாட்டுத் துறைக்கு நகரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மொழி, பண்பாட்டுத் துறை,
ஆந்திரப் பிரதேச அரசு, விஜயவாடா.

மதிப்பிற்குரியீர்,

நகரியிலிருந்து எழுதுகிறேன். மாசி முடியப் போகிறது. ஏகாம்பரகுப்பத்திலும் சத்திரவாடாவிலும் விசைத்தறிச் சத்தம் எப்போதும்போல் கேட்கிறது. மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரியத் தொடங்கிவிட்டது. சுற்றுக் கிராமங்களில் பெரியவர்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, இந்த வருஷம் தலைக்கட்டு வரி எவ்வளவு போடலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு எழுந்தால் பாரதம் வரப்போகிறது என்று பொருள். எந்த நாடக ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுப்பது, பகலில் பாரதம் சொல்ல யாரை அழைப்பது, தபசு மரத்துக்கு யார் தோப்பில் மரம் கேட்பது, தீமிதிக்கு எத்தனை பேர் காப்புக் கட்டுவார்கள் என்பதெல்லாம் இன்னும் ஒரு மாதத்துக்கு ஊர்ப் பேச்சாக இருக்கும். நீங்கள் வர வேண்டிய காலமும் நெருங்குகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

இதைத் தெலுங்கிலும் எழுதித் தனியே அஞ்சலில் சேர்க்கிறேன். தமிழில் அச்சேற்றுவதற்குக் காரணம் உண்டு. நான் கேட்கப்போவது எங்கள் ஊர்க்காரர்களின் காரியம். அவர்கள் பெயரால் என்ன கேட்டேன் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். உங்கள் துறையின் பெயரில் மொழி முன்னும் பண்பாடு பின்னும் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் இவை இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பாரதம் நடக்கும் கோயிலைத் தர்மராஜா கோயில் என்போம். உள்ளே இருப்பவள் திரௌபதி அம்மன். பங்குனிக் கடைசியில் ஓர் ஊரில் கொடியேறினால், ஆடி முடியும்வரை ஊர் மாற்றி ஊர் பாரதம் நடக்கும். பெரிய விழா என்றால் பதினெட்டு நாள். பகலில் பந்தலில் பாரதக் கதை, இரவில் நாடகம். ஆய்வாளர்கள் தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் எழுதுவதை எங்கள் பாட்டிமார் நாடகம் என்றே சொல்வார்கள். வில் வளைப்பில் தொடங்கித் துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நடந்து பதினெட்டாம் போரில் முடியும்.

மேடையில் நடப்பது மட்டும் நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. பகாசுரனைக் கொல்லப் போகும் பீமன் வேடக்காரர் மாட்டுவண்டியில் ஏறி வீதி வீதியாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் வண்டியில் விழும். குழந்தைகள் வண்டியோடு ஓடும். அர்ச்சுனன் தபசன்று வெட்டவெளியில் நட்ட உயரமான மரத்தில், பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார் அர்ச்சுனன். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். மேலேயிருந்து விழும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் மடியில் ஏந்துவார்கள். விராட பருவத்தில் மாடு மடக்குவது என்றால் ஊர் மாடுகளையே ஓட்டி வந்து மடக்குவார்கள். விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான நம்பிக்கை. கத்திரி வெயிலில் ஏரி வறண்டு கிடக்கும்போது அந்தக் கதையைக் கேட்கும் முகங்களை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கடைசி நாள் காலை படுகளம். துரியோதனனை மண்ணால் செய்து தரையில் மல்லாந்து படுக்க வைத்திருப்பார்கள். தலை முதல் கால்வரை நடந்து பார்க்கிற அளவுக்குப் பெரிய உருவம். இரவெல்லாம் ஆடிக் களைத்த பீமனும் துரியோதனனும் அந்த மண் உடலைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. படுகளத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய் நெல் குதிரில் போட்டால் தானியம் குறையாது என்று என் தாய் சொல்வார். குதிர் போய் அரிசி மூட்டை வந்துவிட்டது; மண் எடுப்பது நிற்கவில்லை.

இவ்வளவும் ஏன் சித்திரை, வைகாசியில்? அறுவடை முடிந்து வயல் காலியாக இருப்பது ஒரு காரணம். மாங்காய்ப் பணம் இன்னொன்று. பெங்களூரா மாங்காய்க்கு விலை கிடைத்த வருஷத்தில் ஊர் பதினெட்டு நாள் நடத்தும். விலை விழுந்தால் பத்து நாளாகக் குறைக்கும், சில ஊர் அடுத்த வருஷம் என்று தள்ளிவைக்கும். தறிக்கு நூல் விலை ஏறினாலும் அப்படித்தான். ஒரு ஜமாவில் பதினைந்து பேர் வரை இருப்பார்கள்: வேடக்காரர்கள், மத்தளக்காரர், ஆர்மோனியக்காரர், முகவீணைக்காரர், பின்பாட்டு, ஒப்பனைக்கு உதவும் பையன்கள். அத்தனை வீடுகளிலும் வருஷம் முழுவதற்குமான வருமானத்தில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்தில்தான் வர வேண்டும். மற்ற மாதங்களில் அவர்கள் தறியிலும் தோப்பிலும் கட்டட வேலையிலும் இருப்பார்கள். ஆடி கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகும் கூட்டம் நகரி வழியே நடந்து போனபின், ஆடை அணிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்.

இந்தப் பருவக் கணக்கை அரசின் விழாக் கணக்கு அறியாது. சில வருஷங்களுக்கு முன், ஒரு விழா மேடைக்கு எங்கள் பக்கத்து ஜமா ஒன்று போனது. எந்த விழா, யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. மார்கழிக் குளிர். மதியமே வரச் சொல்லியிருந்தார்கள். ஒப்பனை போட மூன்று மணி நேரம் ஆகும். அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். ஆடக் கிடைத்தது பத்து நிமிடம். திரைக்குப் பின்னால் நின்று பாடும் திரை விருத்தத்துக்கே அந்த நேரம் போதாது; துரியோதனன் யார், ஏன் சபைக்கு வந்தான் என்று கட்டியங்காரன் கேட்கும் முன்பே விளக்கு அணைந்தது. திரும்பி வரும் வேனில் ஜமாவின் வாத்தியார் பேசவே இல்லை. யாரும் அவரை அவமதிக்கவில்லை; சால்வை போட்டார்கள், பயணப்படி கொடுத்தார்கள். ஆனால் ஏழு மணி நேரத்துக்காகச் செய்யப்பட்ட ஒன்றைப் பத்து நிமிடத்தில் காட்டச் சொன்னால், கலைஞன் கொண்டு வந்ததை அப்படியே திருப்பி எடுத்துப் போக வேண்டியதுதான்.

அதனால் என் முதல் வேண்டுகோள் பணம் பற்றியதன்று. சித்திரை முதல் ஆடி வரை உங்கள் துறையிலிருந்து ஒருவர் இங்கே வந்து தங்கட்டும். எந்த ஊரில் எத்தனை நாள் பாரதம், எந்த ஜமா, எந்த மொழியில், எத்தனை பேர் என்று ஒரு பருவத்தை முழுதாக எழுதி எடுக்கட்டும். செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். திருப்பதி கங்கம்மா ஜாதரையைப் பற்றி ஜாய்ஸ் ப்ளூக்கிகர் 2013-இல் தனி நூல் தந்தார். கடல் கடந்து வந்தவர்கள் இரவிரவாக உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே தமிழும் தெலுங்கும் நாட்டார் வழக்காற்றியலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் பேருந்துச் செலவும் கொடுத்தால் ஒரே கோடையில் அந்தப் பிள்ளைகள் செய்துவிடக்கூடிய வேலை இது.

இனி மொழிக்கு வருகிறேன். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து வந்தது. 1953 அக்டோபர் 1-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கரின் எல்லைப் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் சித்தூரும் இங்கேயே நின்றன. நகரியிலிருந்து திருத்தணிக்குப் பேருந்தில் அரை மணி நேரம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்திருக்கிறோம், இந்தப் பக்கம் எடுத்திருக்கிறோம். பிறகு 2022 ஏப்ரல் 4-இல் பதின்மூன்று மாவட்டங்கள் இருபத்தாறாயின. நகரி, கார்வேட்டிநகரம் சித்தூரிலும், புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம் திருப்பதியிலுமாகப் பிரிந்தன. இந்த ஊர்களுக்குள் நாடகத்துக்குத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளும் உறவு எந்தக் கோட்டிலும் அறுந்ததில்லை. ஒரே ஜமா திங்களன்று சித்தூர் மாவட்டத்தில் ஆடும், வெள்ளியன்று திருப்பதி மாவட்டத்தில் ஆடும், அடுத்த வாரம் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்த் தமிழ்நாட்டில் ஆடும்.

அரசின் கணக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் எழுதப்படும். வேறு வழி இல்லை என்பது புரிகிறது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இரண்டு மாவட்டங்களையும் ஒரே வட்டாரமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் நாடகத்தில் ராஜா தமிழில் பாடுவார். கட்டியங்காரன் தமிழில் கேட்டுத் தெலுங்கில் பதில் சொல்வான்; முன்வரிசைக் கிழவிகள் இரண்டுக்கும் சிரிப்பார்கள். அதே கதையைத் தெலுங்கு வீதி நாடகமாக ஆடும் ஊர்கள் பத்துக் கல் தள்ளி இருக்கின்றன. இரண்டையும் ஆடத் தெரிந்த வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஒரு ஜமாவில் இளம் வேடக்காரர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பாட்டெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் தெலுங்கு. அவர் படித்தது தெலுங்குப் பள்ளியில். பாட்டுக் கற்றது தமிழ் வாத்தியாரிடம். காதில் விழுந்ததைக் கைக்குத் தெரிந்த எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறார். அந்த நோட்டை நூலகத்தில் எந்த மொழி அலமாரியில் வைப்பீர்கள்? எங்கே வைத்தாலும் சரி, அலமாரிக்குள் வந்துவிட வேண்டும். அதுபோல் எத்தனை நோட்டுகள் வீட்டுப் பரணில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மாநிலத்தின் மொழியில் இல்லாத கலையை மாநிலம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், தஞ்சை மாவட்டத்து மெலட்டூரைக் காட்டுங்கள். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் அந்த ஊர் பாகவத மேளாவாக ஆடுகிறது. ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். சுற்றியிருப்பது முழுக்கத் தமிழ் பேசும் காவிரிக் கரை. நள்ளிரவு தாண்டியும் தெலுங்கு நாடகத்தைத் தமிழர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த மண்ணில் தெலுங்கு நாடகம் அந்நியமாகப் படவில்லை. நரசிம்ம ஜெயந்தி வரும் அதே கோடை வாரங்களில்தான் இங்கே ஆந்திர மண்ணில் தமிழ்ப் பாரதம் நடக்கிறது. கார்வேட்டிநகரத்து வேணுகோபாலன் மேல் சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்களைச் சென்னைச் சபைகள் பாடிக் காத்தன. மெலட்டூருக்குக் கிடைத்த அன்பை நகரிக்கும் கேட்கிறேன்.

கலைஞர்களின் முதுமையைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை, உங்களுக்குத் தெரிந்ததே. டப்புக் கலைஞர்களுக்கு 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கிறது. தோல் கருவி அடிப்பவரின் கையைக் கலைஞர் கை என்று அரசு ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். அதை மனமாரப் பாராட்டுகிறேன். அறுபது வயதைத் தாண்டிய கூத்து வேடக்காரரும் முகவீணைக்காரரும் கலைஞர் பட்டியலில் இடம்பெற, அவர் எந்த மொழியில் பாடினார் என்பது தடையாக இருக்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இயங்குகிறது. அது அந்த மாநிலத்துக் கலைஞருக்கானது. எங்கள் வாத்தியார் இந்த மாநிலத்துக் குடிமகன். அவருக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். உகாதியை ஒட்டி நீங்கள் தரும் கலாரத்னா விருதுக்குப் பெயர் எடுக்கும்போது, மத்தளத்தில் ஐம்பது வருஷம் கை தேய்த்தவர்கள் இந்தப் பக்கமும் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, எங்கள் ஊர்களை உண்மையில் கலங்க வைத்திருக்கும் ஒன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். அந்த நாள்கள் மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாகக் குறிக்கக் கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் நாடகம் தொடங்குவதே இரவு பத்து மணிக்கு. பாரதமோ பதினெட்டு நாள்.

அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது தேவை. கல்யாண ஊர்வலங்களில் நெஞ்சு அதிரும் ஒலிப்பெட்டிகளைக் கேட்டவர்கள் யாரும் அது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஒலிப்பெட்டியும் ஆடுகளமான களரியின் மேல் தொங்கும் ஒரு மைக்கும் ஒன்றல்ல. மைக்கே இல்லாத காலத்தில், ஊர்க் கடைசியில் திண்ணையில் படுத்திருக்கும் கிழவனுக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாடிப் பழகியவர்கள் இவர்கள். அனுமதிக்காக ஊர்ப் பெரியவர்கள் காவல் நிலையத்துக்கும் வட்ட அலுவலகத்துக்கும் நடக்கிறார்கள். கிடைத்தாலும் பாதி ராத்திரியில் நிறுத்தச் சொல்வார்களோ என்ற பயத்தோடுதான் கர்ணன் சாகிறான். சில ஊர்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடித்துவிடுகின்றன. வேலை முடிந்து வருகிறவர்கள் வந்து சேரும்போது பாதிக் கதை போய்விடுகிறது.

கர்நாடகத்தில் இதே சிக்கல் வந்தது. கட்டீல் துர்கா பரமேசுவரி கோயிலின் யட்சகான மேளங்கள் 2022-இல் விடிய விடிய ஆடுவதை நிறுத்தி நேரத்தைச் சுருக்கிக்கொண்டன. பக்தர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2024 சங்கராந்தியிலிருந்து மீண்டும் இரவு முழுக்க ஆட்டம் தொடங்கியது. அவர்கள் கண்ட வழி என்ன, அதை இங்கே எப்படிக் கொண்டுவரலாம் என்று சட்டம் தெரிந்தவர்களை வைத்து ஆராய உங்களால் முடியும். ஒரு கிராமத்துத் தர்மகர்த்தாவால் முடியாது. இரவு முழுக்க நடக்கும் மரபு நாடகங்களைத் தனியாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதும் உரிமையும் மாநிலத்துக்கு உண்டு. ஒலி அளவுக்கு வரம்பு வையுங்கள், பெட்டி ஒலிபெருக்கிகளைத் தடை செய்யுங்கள், மருத்துவமனைப் பக்கம் கூடாது என்று சொல்லுங்கள். அத்தனைக்கும் ஊர் கட்டுப்படும். விடியும்வரை ஆட விடுங்கள். விடியற்காலை வெளிச்சத்தில் முகத்து அரிதாரம் வியர்வையில் கரைந்திருக்க, துரியோதனன் களைத்து வந்து விழுவதற்காகத்தான் அந்த இரவு முழுவதும் நடக்கிறது. பத்து மணிக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது.

எப்போது வரலாம் என்று கேட்பீர்கள். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில்தான் நகரி இருக்கிறது. ரயிலில் வந்தால் ஏகாம்பரகுப்பத்தில் இறங்கலாம். வரும் முன் ஒரு வரி எழுதினால் அந்த வாரம் எந்த ஊரில் எந்த நாள் நாடகம் என்று சொல்லி அனுப்புகிறேன். முதல்முறை வருகிறவர்களைத் தபசுக்கு அழைப்பதுதான் வழக்கம். நான் உங்களைப் பதினெட்டாம் போருக்கே அழைக்கிறேன். சாப்பாடு யார் வீட்டிலும் கிடைக்கும். உட்காரப் பாய் ஒன்றும், விடியற்காலைப் பனிக்குப் போர்வை ஒன்றும் எடுத்து வாருங்கள். மத்தளக்காரர் பக்கமாக, களரிக்கு இடப்புறம் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்,
நகரி.